சுழியங்களை எண்ண வேண்டாம்

எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமில் நீட்டி எழுதினால் 0.00000000000000000000000000000091 என்று வரும். புரோட்டானின் நிறை 0.00000000000000000000000000167. இரண்டில் எது பெரியது, எத்தனை மடங்கு பெரியது என்று கேட்டால் விரலை வைத்துச் சுழியங்களை எண்ணத் தொடங்குவோம். பாதியில் கண் தடுமாறும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒரே ஒரு சுழியம் விட்டுப்போனாலும் விடை பத்து மடங்கு பிசகிவிடும்.

அதே அளவுகளை 9.1 × 10⁻³¹ என்றும் 1.67 × 10⁻²⁷ என்றும் எழுதிப் பாருங்கள். எண்ணுவதற்கு எதுவும் இல்லை. –31ஐவிட –27 பெரியது. ஆகவே புரோட்டான்தான் கனம். எத்தனை மடங்கு என்று அறிய ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும். அடுக்குகளைக் கழித்தால் 4, அதாவது பத்தாயிரம். முன்னால் நிற்கும் 1.67ஐ 9.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.1835. இரண்டையும் பெருக்கினால் 1,835. இன்னும் துல்லியமான அளவுகளை எடுத்துக்கொண்டால் 1,836. புரோட்டான் எலக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு கனமானது என்று இயற்பியல் புத்தகங்கள் சொல்வது இந்த எண்ணைத்தான்.

உயர்நிலைப் பள்ளிக் கணக்குப் பாடத்தில் வரும் அறிவியல் குறியீடு இதுதான். ஓர் எண்ணை இரண்டு துண்டாகப் பிரிக்கிறோம். முன்னால் வருவது 1 முதல் 10க்குள் அடங்கும் ஓர் எண், அதன் பெயர் கெழு. பின்னால் வருவது 10இன் அடுக்கு. மிகச் சிறிய அளவென்றால் அடுக்கு குறையெண்ணாக இருக்கும். தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனையாவது இடத்தில் முதல் சுழியமல்லாத இலக்கம் வருகிறதோ, அந்த எண்ணே குறைக்குறியோடு அடுக்கு ஆகிறது. 0.0003 என்பதில் 3 நான்காம் இடத்தில் இருக்கிறது. எனவே அது 3 × 10⁻⁴.

சுழியங்களைச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தும் வசதி என்றுதான் பலரும் இதை நினைத்திருக்கிறோம். இதன் உண்மையான பயன் ஒப்பிடுவதில் இருக்கிறது. ‘சிறியது’ என்ற சொல்லுக்குத் தனியாக நின்றால் பொருள் கிடையாது. எதைவிடச் சிறியது, எத்தனை மடங்கு சிறியது என்ற கேள்விகளோடு சேரும்போதுதான் அது அறிவியலாகிறது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பார்வையில் விடை சொல்லத்தக்க எழுத்துமுறை இது.

படிகள் ஒரே உயரமாக இருந்தால்

நுண்ணளவுகளுக்குப் பெயர் வைப்பதில் பழைய தமிழ்க் கணக்கு சளைத்ததில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கீழ்வாய் எண்களில், அதாவது பின்னங்களில், முந்திரி என்பது 1/320. அந்த முந்திரியை மறுபடி 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. அதில் 21இல் ஒரு பங்கு இம்மி. இம்மியில் 11இல் ஒன்று மும்மி. மும்மியில் 7இல் ஒன்று அணு. அணு என்ற இந்தப் பின்னத்தின் மதிப்பு 1/16,55,80,800. நிலமும் நெல்லும் அளந்தவர்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டிருக்கக்கூடிய எல்லைக்கு வெகு கீழே போய்விட்ட கணக்கு இது.

இந்த ஏணியில் படிகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை. 320, 21, 11, 7 என்று ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு பெருக்கம். இம்மி அணுவைப்போல் எத்தனை மடங்கு என்று கேட்டால், இடையிலுள்ள வாய்பாடு நினைவிருக்க வேண்டும். 11ஐயும் 7ஐயும் பெருக்கி 77 என்று சொல்ல வேண்டும். அறிவியல் குறியீட்டில் இம்மி ஏறத்தாழ 4.65 × 10⁻⁷, அணு ஏறத்தாழ 6.04 × 10⁻⁹. அடுக்குகளின் வேறுபாடு 2, ஆகவே நூறு. கெழுக்களின் வகுத்தல் 0.77. விடை அதே 77தான். எந்த வாய்பாடும் தெரியாதவரும் இதைப் போட்டுவிடலாம், ஏனென்றால் எல்லாப் படிகளும் பத்து மடங்கு என்ற ஒரே உயரம்.

குறையெண் அடுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிரெஞ்சுக்காரரான நிக்கோலா சூக்கே 1484இல் எழுதிய கையெழுத்துப் படியிலேயே அதன் சாயல் உண்டு. எண்ணின் தலைக்கு மேல் சிறிய எழுத்தில் அடுக்கைப் போடும் இன்றைய வழக்கத்தை 1637இல் தெகார்த்தின் வடிவியல் நூல் பரப்பியது. அடுக்கில் குறையெண்ணைத் துணிந்து கையாண்டவர்களில் ஜான் வாலிசும் ஐசக் நியூட்டனும் முக்கியமானவர்கள். நியூட்டன் 1676இல் எழுதிய கடிதத்தில் குறையெண் அடுக்கும் பின்ன அடுக்கும் இயல்பாகப் புழங்குகின்றன.

அடுக்குகளுக்குப் பெயர் சூட்டும் வேலை இன்றும் நடக்கிறது. மைக்ரோ என்றால் 10⁻⁶, நானோ 10⁻⁹, பிக்கோ 10⁻¹², ஃபெம்டோ 10⁻¹⁵, அட்டோ 10⁻¹⁸. 2022 நவம்பரில் எடை அளவுகளுக்கான பன்னாட்டு மாநாடு 10⁻²⁷க்கு ரோன்டோ என்றும் 10⁻³⁰க்குக் குவெக்டோ என்றும் பெயரிட்டது. எலக்ட்ரானின் நிறை இப்போது சுமார் 0.91 ரோன்டோகிராம்.

பார்வைக்கு எட்டாத வைரஸ்

அடுக்கில் ஒன்றிரண்டு எண்கள் மாறினால் என்ன ஆகிவிடும்? ஒரு துறையின் வரலாறே மாறும் என்பதற்கு வைரஸ் சான்று.

ஒளியைக் கொண்டு பார்க்கும் எந்த நுண்ணோக்கிக்கும் ஓர் எல்லை உண்டு என்று 1873இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 4 × 10⁻⁷ மீட்டரிலிருந்து 7 × 10⁻⁷ மீட்டர் வரை. ஆகவே மிகச் சிறந்த கண்ணாடி லென்சுகளை வைத்தாலும் எல்லை ஏறத்தாழ 2 × 10⁻⁷ மீட்டர்.

இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை வரிசைப்படுத்துவோம். மனிதத் தலைமுடியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், சுமாராக 7 × 10⁻⁵ மீட்டர் என்று வைக்கலாம். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7.5 × 10⁻⁶. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் 2 × 10⁻⁶. இவை மூன்றும் அபேயின் எல்லைக்கு மேலே இருப்பதால் பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியிலேயே தெரிகின்றன. பாக்டீரியா எல்லையைப்போல் பத்து மடங்கு பெரியது, அவ்வளவுதான். காசநோய்க் கிருமியையும் காலராக் கிருமியையும் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முடிந்தது இந்தப் பத்து மடங்கின் தயவில்தான்.

புகையிலைச் செடியைத் தாக்கும் தேமல் நோயின் கதை வேறு. 1892இல் ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியில் ஊற்றினார். வடிந்து வந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் நெதர்லாந்தின் பெய்யரிங்க், இது பாக்டீரியா இல்லை, புதுவகைத் தொற்றுப்பொருள் என்றார். ஆனால் யாராலும் அதைப் பார்க்க முடியவில்லை. காரணம் இப்போது எண்களில் பளிச்சென்று தெரிகிறது. அந்த வைரஸ் ஒரு குச்சி வடிவம். நீளம் 3 × 10⁻⁷ மீட்டர், அகலம் 1.8 × 10⁻⁸ மீட்டர். நீளம் எல்லையை அரைகுறையாகத் தாண்டுகிறது. அகலமோ எல்லையில் பதினொன்றில் ஒரு பங்கு. எவ்வளவு நல்ல லென்சு செய்தாலும் ஒளி அதற்கு உதவாது.

லென்சை மெருகேற்றிப் பயனில்லை, அலையையே மாற்ற வேண்டும் என்பது இந்த ஒப்பீடு தந்த பாடம். நூறாயிரம் வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 3.7 × 10⁻¹² மீட்டர், ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931இல் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தார்கள். காந்த லென்சுகளின் குறைகளால் அலைநீளம் அனுமதிக்கும் எல்லைவரை போக முடியவில்லை. ஆனாலும் அடுக்கில் கிடைத்த இடைவெளி அவ்வளவு பெரியதால், அதில் பெரும்பகுதியை இழந்தபின்னும் மிச்சம் போதுமானதாக இருந்தது. 1939இல் புகையிலைத் தேமல் வைரஸின் படம் வெளிவந்தது. இவனோவ்ஸ்கியின் வடிகட்டிக்கும் அந்தப் படத்துக்கும் இடையே 47 ஆண்டுகள்.

கெழுவை மறக்கக் கூடாது

அடுக்கு முதலில் பேசும் என்பது சரி. கடைசி வார்த்தையும் அதனுடையதே என்று எண்ணிவிடக் கூடாது.

காற்று மாசைப் பற்றிய செய்திகளில் வரும் எண்களை எடுத்துக்கொள்வோம். நுண்ணிய மாசுத்துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 5 × 10⁻⁶ கிராம். இந்தியாவின் தேசியத் தர அளவு 4 × 10⁻⁵ கிராம். அடுக்கில் ஒன்று வேறுபடுவதைப் பார்த்துப் பத்து மடங்கு என்று அவசரப்பட்டால் தவறு. 4ஐ 5ஆல் வகுத்தால் 0.8, ஆக எட்டு மடங்கு. இதைப்போலவே 9 × 10⁻⁶க்கும் 1.1 × 10⁻⁵க்கும் அடுக்கு வேறு, ஆனால் அளவில் கால் பங்குகூட வித்தியாசம் இல்லை.

இன்னொரு கண்ணியும் இங்கேயே இருக்கிறது. அந்தத் துகள்களின் விட்டம் 2.5 × 10⁻⁶ மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. காற்றில் அவற்றுக்கான வழிகாட்டு அளவு 5 × 10⁻⁶ கிராம். இரண்டிலும் அடுக்கு –6 என்பதால் இரண்டும் உறவினர் ஆகிவிடாது. ஒன்று நீளம், மற்றது நிறை. அலகு ஒன்றாக இல்லாத இடத்தில் ஒப்பீடே இல்லை.

கெழு 1 முதல் 10க்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் வெறும் சம்பிரதாயம் இல்லை. 45 × 10⁻⁸, 3 × 10⁻⁷ இரண்டில் எது பெரியது? அடுக்கை மட்டும் பார்த்தால் இரண்டாவது. முதலாவதை முறைப்படி 4.5 × 10⁻⁷ என்று எழுதினால் உண்மை தெரியும். அடுக்கைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லும் உரிமை, இரண்டு எண்களும் முறையான வடிவத்துக்கு வந்தபின்தான் கிடைக்கிறது.

நீளத்திலிருந்து கன அளவுக்குப் போகும்போது மடங்குகள் திடுக்கிட வைக்கும். 10 மைக்ரோமீட்டர் துகள் 2.5 மைக்ரோமீட்டர் துகளைப்போல் விட்டத்தில் நான்கு மடங்குதான், ஆனால் கன அளவில் 64 மடங்கு. அணுவுக்குள் போனால் இது இன்னும் தீவிரம். ஹைட்ரஜன் அணுவின் விட்டம் ஏறத்தாழ 1.06 × 10⁻¹⁰ மீட்டர். அதன் கருவான ஒற்றைப் புரோட்டானின் விட்டம் 1.7 × 10⁻¹⁵ மீட்டர். விகிதம் 6.2 × 10⁴. புரோட்டானை இரண்டு மில்லிமீட்டர் கடுகாக வைத்துக்கொண்டால் அணுவின் குறுக்களவு 124 மீட்டர். இந்த விகிதத்தின் முப்படியை எடுத்துக் கன அளவைப் பார்த்தால் விகிதம் 2.4 × 10¹⁴. அணு என்று நாம் சொல்லும் இடத்தில் கருவின் பங்கு 4 × 10⁻¹⁵ மட்டுமே. 1911இல் ரதர்ஃபோர்ட் அணுவின் நிறை மிகச் சிறிய மையத்தில் குவிந்திருக்கிறது என்று சொன்னபோது எழுந்த வியப்பின் அளவு இந்த எண்தான்.

மாத்திரையில் ஆயிரம் மடங்கு

இதெல்லாம் ஆய்வகத்துக்காரர்களின் கவலை என்று தோன்றினால் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாராசிட்டமால் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து. தைராய்டு குறைபாட்டுக்கு எடுக்கும் தைராக்சின் மாத்திரையில் 50 மைக்ரோகிராம். கிராமில் எழுதினால் முன்னது 5 × 10⁻¹, பின்னது 5 × 10⁻⁵. பத்தாயிரம் மடங்கு வேறுபாடு! கையில் எடுத்தால் இரண்டும் மாத்திரைதான். பின்னதில் பெரும்பகுதி மருந்தைத் தாங்கும் நிரப்புப்பொருள்.

மில்லி என்பது 10⁻³, மைக்ரோ என்பது 10⁻⁶. இரண்டும் ‘மி’, ‘மை’ என்று காதில் நெருங்கி ஒலித்தாலும் இடையே ஆயிரம் மடங்கு. மைக்ரோவைக் குறிக்கும் மியூ என்ற கிரேக்க எழுத்தைக் கையால் கிறுக்கினால் மில்லியின் குறியீடுபோல் தோன்றிவிடும். அதனால்தான் மருந்துச் சீட்டுகளில் அந்த எழுத்தைத் தவிர்க்கும்படி மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் வலியுறுத்துகின்றன. கெழுவில் நேரும் பிழை மருந்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். அடுக்கில் நேரும் பிழை உயிரைத் தொடும்.

நான்கு சதவீதத்துக்கு ஒரு வழக்கு

அடுக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் கெழுவுக்காகவே உலகின் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் மோதிய கதையும் உண்டு. புரோட்டானின் ஆரம் 8.768 × 10⁻¹⁶ மீட்டர், பிழை எல்லை 0.069 × 10⁻¹⁶ என்று பன்னாட்டு அட்டவணைகள் சொல்லிவந்தன. 2010இல் ஸ்விட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் ராண்டோல்ஃப் போலின் குழு வேறு வழியில் அளந்தது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானுக்குப் பதிலாக அதைப்போல் 207 மடங்கு கனமான மியூவானை அமர்த்தினார்கள். கனமான மியூவான் கருவுக்கு மிக நெருங்கிச் சுழல்வதால் கருவின் உருவளவு அதன் ஆற்றலில் கூடுதலாகப் பதிகிறது. கிடைத்த விடை 8.4184 × 10⁻¹⁶, பிழை எல்லை 0.0067 × 10⁻¹⁶.

இரண்டுக்கும் வேறுபாடு 3.5 × 10⁻¹⁷ மீட்டர், நான்கு சதவீதம். பார்வைக்கு அற்பம். பழைய அளவீட்டின் பிழை எல்லையோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு. தற்செயல் என்று தள்ள முடியாது. ஒன்று யாரோ தவறாக அளந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இயற்பியலில் நாம் அறியாத ஏதோ இருக்க வேண்டும். புதிய விசை ஒன்று ஒளிந்திருக்கலாமோ என்றுகூடக் கட்டுரைகள் வந்தன. 2019இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்திலும் மியூவான் இல்லாமலே செய்த அளவீடுகள் சிறிய ஆரத்தையே காட்டின. அட்டவணையில் இப்போது இருப்பது 8.41 × 10⁻¹⁶ஐ ஒட்டிய மதிப்பு.

கெழுவில் எத்தனை இலக்கங்கள் என்பதும் ஒரு செய்தி என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. 8.8 × 10⁻¹⁶ என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்தியிருந்தால் சண்டை சூடு பிடித்திருக்காது. 8.4184 என்று எழுதுகிறவர் ‘என் பிழை எல்லை வரை இந்த இலக்கங்களுக்குப் பொறுப்பேற்கிறேன்’ என்று கையெழுத்துப் போடுகிறார். கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கங்களையும் அப்படியே எழுதுவது அளக்காததற்குக் கையெழுத்துப் போடுவதாகும்.

ஒன்றின்கீழ் இருபத்தொரு சுழியம்

அடுக்கே எல்லாமாக இருந்த அளவீட்டை 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வு நிலையங்கள் செய்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலை பூமியைக் கடந்தது. அது வெளியை நீட்டிச் சுருக்கிய விகிதம் உச்சத்தில் 1 × 10⁻²¹. லைகோவில் ஒளி சென்று திரும்பும் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர், அதாவது 4 × 10³ மீட்டர். பெருக்கலில் அடுக்குகளைக் கூட்டினால் போதும். 3ஐயும் –21ஐயும் கூட்டினால் –18. ஆகவே நீளத்தில் நேர்ந்த மாற்றம் 4 × 10⁻¹⁸ மீட்டர்.

இதைப் புரோட்டானின் விட்டத்தோடு ஒப்பிட்டால் நானூறில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. அளப்பதற்குப் பயன்பட்ட லேசர் ஒளியின் அலைநீளம் 1.064 × 10⁻⁶ மீட்டர். அளக்க வேண்டிய மாற்றம் அளக்கும் அலையைவிட ஏறத்தாழ 2.7 × 10¹¹ மடங்கு சிறியது. அபேயின் எல்லை இங்கே குறுக்கே வரவில்லையா என்று கேட்கலாம். அந்த எல்லை அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காண்பதற்கானது. லைகோ செய்வது அதுவன்று. இரண்டு கைகளில் சென்று திரும்பும் ஒளியலைகள் சேரும்போது பிரகாசம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறது. கையின் இரு முனைக் கண்ணாடிகளுக்கு இடையே ஒளியைப் பலநூறு முறை ஓடவிட்டு, எண்ணற்ற ஒளித்துகள்களின் சராசரியை எடுக்கும்போது, அலைநீளத்தின் மிக நுண்ணிய பின்னத்தையும் கணக்கிட முடிகிறது.

இந்தச் சாதனைக்காக ரெய்னர் வைஸ், பாரி பாரிஷ், கிப் தோர்ன் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதேபோன்ற நிலையம் அமைக்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது.

செய்தித்தாளிலோ விளம்பரத்திலோ ‘மிக நுண்ணிய’, ‘நானோ’, ‘மைக்ரோ’ என்ற அடைமொழிகளைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். அலகு என்ன? அடுக்கு என்ன? கெழுவில் எத்தனை இலக்கங்களுக்குச் சொன்னவர் பொறுப்பேற்கிறார்? மூன்றுக்கும் விடை இருந்தால் அது அளவு. இல்லையென்றால் வெறும் அடைமொழி. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: புள்ளியை இடம் மாற்றும் பயிற்சியோடு நிறுத்திவிடாதீர்கள். உண்மையான இரண்டு அளவுகளைக் கொடுத்து, எது எத்தனை மடங்கு என்று கேளுங்கள். அறிவியல் குறியீடு கண்டுபிடிக்கப்பட்டதே அந்தக் கேள்விக்காகத்தான் என்பதுபோல் அவர்கள் அதைக் கையாளத் தொடங்குவார்கள்.